புலியும் லாரியும்

முள்ளும் மலரும் படத்தை நேற்று மறுபடி பார்த்தேன். அதன் மூலமான உமாசந்திரனின் நாவலில் நாயகன் காளியின் கையைப் பறிப்பது புலி. மகேந்திரன் 1978இல் படமாக்கியபோது அங்கே லாரி வந்துவிட்டது. படப்பிடிப்புக்குப் புலியை எங்கே தேடுவது என்றுகூட மாற்றியிருக்கலாம், யார் கண்டது. ஆனால் அந்த ஒரு மாற்றத்தில் கதையின் எடையே இடம் மாறிவிடுகிறது.

புலி அடித்தால் அது விதி. காளிமேல் இரக்கம் மட்டும்தான் வரும். படத்திலோ, மேலதிகாரியான இன்ஜினியர் தன்னை வேலையிலிருந்து நிறுத்திவைத்த கோபத்தில் குடித்துவிட்டு நடுரோட்டில் விழுந்து கிடக்கிறான். லாரி ஏறுகிறது. பாதித் தப்பு அவனுடையது. அதை ஒத்துக்கொள்ள முடியாமல் மொத்தப் பழியையும் இன்ஜினியர்மேல் போடுகிறான். அப்புறம் வருவதெல்லாம் அந்த வீம்பின் கதைதான். தங்கை அந்த இன்ஜினியரையே கல்யாணம் செய்துகொள்ள விரும்பும்போது அவன் குறுக்கே நிற்பதும் அதனால்தான்.

அதனால் எனக்குப் படத்தின் முடிவு ரொம்பப் பிடிக்கும். காளி திருந்தவில்லை. இன்ஜினியரை இப்போதும் பிடிக்காது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் தங்கையைக் கட்டிக்கொடுக்கிறான். தங்கை தன் பக்கம் திரும்பி வந்தாளே, அது போதும் அவனுக்கு.

"நாவலைக் கெடுத்துட்டாங்க" என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு இந்த லாரிதான் ஞாபகம் வரும்.