நூல் பிசகாத மட்டம்: ஒன்ராறியோவில் கட்டட வேலைக்கு லெவல் வாங்குவது

ரொறன்ரோ பக்கம் கட்டட வேலைக்குப் புதிதாகப் போகிறவரிடம் கொண்ட்ராக்டர் முதலில் கேட்பது, கைக்கருவி சொந்தமாக இருக்கிறதா என்பதைத்தான். பவர் டூல்ஸ் பெரும்பாலும் அவர் தருவார். டேப், சுத்தியல், கத்தி, ஸ்கொயர், லெவல் ஆகியவற்றை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். மற்றதெல்லாம் மலிவாக வாங்கிப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். டேப் பிழையென்றால் பலகை குட்டையாகி அன்றைக்கே தெரிந்துவிடும். லெவல் பிழையென்றால் டிரைவால் (ஜிப்சம் பலகை) அடித்து, பெயின்ட் பூசி, கதவு மாட்டிய பிறகு, அந்தக் கதவு யாரும் தொடாமலே மெல்லத் திறந்துகொள்ளும்போதுதான் தெரியும். அப்போது பிரித்துக் கட்டுகிற கூலி உங்கள் தலையில்.

முதலில் பேச்சுவழக்கு. ஊரில் ரசமட்டம் என்பதை இங்கே லெவல் என்கிறார்கள். (பெயரில்தான் ரசம் இருக்கிறது. இப்போது வருகிற குமிழ்க் குழாயில் பாதரசம் கிடையாது, மஞ்சள் பச்சைச் சாயம் கலந்த ஸ்பிரிட்தான்.) கிடைமட்டத்துக்கும் அதே சொல்தான்: "இஸ் இட் லெவல்?" என்றால் மட்டமா என்று கேட்கிறார். "பிளம்" என்றால் நம் மேசன்மார் சொல்லும் தூக்கு. "ஸ்கொயர்" மூலைமட்டம். அளவெல்லாம் அடி, அங்குலத்தில் ஓடும். அங்குலத்துக்கு எட்டு நூல் என்ற நம் தச்சர் கணக்கு இங்கே அப்படியே கைகொடுக்கும்: "வன் எய்த்" ஒரு நூல், "வன் சிக்ஸ்டீன்த்" அரை நூல். ஒரு நூல் ஏறக்குறைய 3.2 மி.மீ.

இனி லெவலில் ஒட்டியிருக்கும் எண். தொழில்முறை லெவலில் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள்: 0.5 மி.மீ./மீட்டர், 0.0005 அங்குலம்/அங்குலம், 0.029 பாகை. மூன்றும் ஒன்றுதான். எட்டடிச் சுவரில் அந்தப் பிசகு 1.2 மி.மீ., அரை நூல்கூட இல்லை. மீட்டருக்கு 1.5 மி.மீ. பிசகுகிற மலிவு லெவல் அதே சுவரில் 3.7 மி.மீ. சாய்க்கும், அதாவது ஒரு நூலுக்கு மேல். எண்ணே போடாத லெவலைக் கையில் எடுக்க வேண்டாம். இன்னொரு இடத்திலும் கண் வையுங்கள்: தலைகீழாகப் பிடித்து, பீமின் அடிப்பக்கம் போன்ற இடத்தில் பார்க்கும்போது சில மாடல்களின் துல்லியம் குறையும். அதை 0.043 பாகை, அல்லது 0.75 மி.மீ./மீட்டர் என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள். கதவுச் சட்டமும் சீலிங்கும் செய்கிறவர் இரண்டு நிலைக்கும் 0.029 உள்ளதையே தேட வேண்டும்.

ஒரு நூலுக்கு ஏன் இத்தனை கவனம் என்றால், டைல்ஸ் வேலை நல்ல உதாரணம். வட அமெரிக்க டைல்ஸ் விதிப்படி, 15 அங்குலத்துக்குக் குறைந்த டைல்ஸுக்கு அடித்தளம் பத்தடியில் 2 நூலுக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது. ஒரு பக்கமாவது 15 அங்குலமோ அதற்கு மேலோ இருந்தால் பத்தடிக்கு ஒரே ஒரு நூல்தான். இந்தப் பக்கத்து பேஸ்மென்ட்களில் இப்போது எல்லாரும் கேட்பது 12க்கு 24 அளவு. அதாவது எல்லா வேலையும் ஒரு நூல் கணக்கில்தான். அதில் பாதியை லெவலே தின்றுவிட்டால் உங்கள் கைக்கு மிச்சம் என்ன?

எந்த நீளம்? பலரும் முதலில் 24 அங்குலத்தை வாங்குகிறார்கள். விலையும் குறைவு, பையிலும் அடங்கும். ஆனால் ஒரே ஒரு லெவல் வாங்கப் பணம் இருந்தால் 48 அங்குலம் வாங்குங்கள். இங்கே சுவர்க் கட்டைகள், அதாவது ஸ்டட்கள், மையத்துக்கு மையம் 16 அங்குலத்தில் நிற்கும். 48 அங்குலம் நாலு ஸ்டட்டைத் தொடும். 24 அங்குலம் இரண்டைத்தான் தொடும், அதில் ஒன்று வளைந்திருந்தால் அந்த வளைவையே மட்டம் என்று காட்டும். குறுகிய லெவலை நகர்த்தி நகர்த்தி இருபதடி கிச்சன் கபினெட் வரிசைக்குக் கோடு போட்டால் பிசகும் கூடவே சேர்ந்துகொண்டு போகும்: மீட்டருக்கு 0.5 என்றாலும் ஆறு மீட்டரில் 3 மி.மீ. இரண்டாவதாக டார்பீடோ என்கிற 9 அங்குலக் குட்டி லெவல், குழாய்க்கும் மின்பெட்டிக்கும். மூன்றாவதாக 24. கதவு மாட்டுகிறவருக்கு 78 அங்குலம் தவிர்க்க முடியாதது. 80 அங்குலக் கதவின் ஜாமை, அதாவது பக்க நிலைக்காலை, மேலிருந்து கீழ்வரை ஒரே பிடியில் பார்க்கலாம். 78-உம் 32-உம் சேர்ந்த ஜாம் செட்டாக விற்பார்கள், தனித்தனியாக வாங்குவதைவிட இலாபம்.

லெவலின் சட்டத்தில் இரண்டு வகை. ஐ வடிவம் இலேசு, மலிவு, முறுக்கினால் முறுகும். பெட்டி வடிவ அலுமினியம் கனமானது, கீழே விழுந்தாலும் நேராக நிற்கும். வேலைக்கு இதுதான். பார்க்க வேண்டிய அடுத்த இடம், மேற்பரப்பைத் தொடும் விளிம்பு. வண்ணம் பூசி அப்படியே விட்டதா, இயந்திரத்தில் சீவியதா? சீவிய விளிம்பு வெள்ளி நிறமாக மினுங்கும். வண்ண விளிம்பில் பெயின்ட் உதிர்ந்தால் அந்த இடம் பள்ளம். குமிழ்க் குழாய் பிசினில் இறுக்கியதாக இருக்கட்டும். ஸ்குரூவில் நிற்பது வான் வண்டியின் குலுக்கலில் தளரும். முனை ரப்பர் மூடிகள் கழற்றக்கூடியவையாக இருந்தால் மூலைக்குள் முட்ட வைத்துக் கோடு போடலாம். ஜெர்மனியின் ஸ்டபிலா, ஆஸ்திரியாவின் சோலா, அமெரிக்காவின் எம்பயர், மில்வாக்கி எல்லாம் இங்கே தாராளமாகக் கிடைக்கும். பிராண்டுக்குள் சண்டை வேண்டாம். ஒவ்வொன்றிலும் மலிவு வரிசையும் இருக்கிறது, தொழில் வரிசையும் இருக்கிறது.

காந்தம் வைத்ததற்குக் கூடுதல் விலை. மெட்டல் ஸ்டட் அடிக்கிற கமர்ஷியல் வேலைக்கு அது இரண்டு கையையும் விடுவிக்கும். மரச் சட்ட வீடு மட்டும் செய்பவருக்குத் தேவையில்லை, தொல்லைகூட: ஸ்குரூத் துகள் காந்தத்தில் ஒட்டி லெவலை ஒரு மயிரிழை தூக்கும், நீங்களும் சுவரைக் குறை சொல்லிக்கொண்டு நிற்பீர்கள். செங்கல் மேசன்மாரில் சிலர் இன்னும் மர லெவலை விடுவதில்லை. காரணம் உண்டு, ஈரச் சாந்து மரத்திலிருந்து துடைத்தால் போகும், அலுமினியத்தையோ சிமெந்தின் காரம் அரிக்கும்.

குழாய் வேலைக்குப் போகிறவர் குமிழில் எத்தனை கோடு என்று பாருங்கள். இரண்டு கோடு மட்டத்துக்கு மட்டும். வெளிப்பக்கம் கூடுதலாக ஒரு சோடிக் கோடு இருந்தால் அது சாய்வுக்கு: அடிக்கு 2 நூல், ஏறக்குறைய 2 சதவீதம். ஒன்ராறியோ கட்டட விதிப்படி 3 அங்குலமும் அதற்குக் குறைந்ததுமான கழிவுக் குழாய்க்கு 50க்கு 1 சாய்வாவது வேண்டும். அடிக்கு 2 நூல் என்பது 48க்கு 1, ஆக அது போதும். ஷவர்த் தளத்துக்கும் இதே சாய்வுதான்.

கடையில் வாங்கும்போதே சோதியுங்கள். இதற்குத் தேவையானது ஒரு தட்டையான அலுமாரித் தட்டும், எழுத்துப் புடைக்காத இரண்டு பிளாஸ்டிக் அட்டைகளும். வங்கி அட்டையின் தடிப்பு 0.76 மி.மீ. லெவலைத் தட்டில் வைத்து, இரண்டு முனையும் எங்கே இருக்கின்றன என்று குறித்துக்கொள்ளுங்கள். குமிழ் நடுவுக்கு வரும்வரை ஒரு முனைக்குக் கீழே காகிதம் மடித்து வையுங்கள். பிறகு காகிதத்தை அசைக்காமல், லெவலை முனைக்கு முனை திருப்பி அதே இடத்தில் வையுங்கள். குமிழ் மறுபடி நடுவில் நின்றால் குறையில்லை. விலகினால் அந்த விலகல் லெவலின் உண்மைப் பிசகைப் போல இரண்டு மடங்கு. இப்போது தாழ்ந்த முனைக்குக் கீழே அட்டை வையுங்கள். 48 அங்குல லெவலில் ஓர் அட்டை குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தால் பிசகு மீட்டருக்கு 0.31 மி.மீ., வாங்கலாம். இரண்டு அட்டை தேவைப்பட்டால் 0.62, திரும்ப வைத்துவிடுங்கள். 24 அங்குலத்தில் ஓர் அட்டையே 0.62 ஆகிவிடும், அதனால் அதற்கு அட்டையே தேவைப்படக் கூடாது.

தூக்குக் குமிழை இப்படிப் பார்க்கலாம். லெவலின் முகத்தைச் சுவரோடு படுக்கவைத்து, குமிழ் நடுவில் நிற்கும்போது வலது விளிம்பை ஒட்டிப் பென்சில் கோடு இழுங்கள். பிறகு புத்தகப் பக்கம் புரட்டுவதுபோல லெவலைப் புரட்டி, அதே விளிம்பைக் கோட்டின் மறுபக்கத்தில் ஒட்டுங்கள். குமிழ் நடுவில் இருக்க வேண்டும். மேல் முனை மேலேயே இருக்கட்டும். தலைகீழாக்கினால் நீங்கள் சோதிப்பது இன்னொரு நிலையை.

விளிம்பு நேராக இருக்கிறதா என்று அறிய இரண்டு லெவலை விளிம்போடு விளிம்பு வைத்து வெளிச்சத்துக்குப் பிடிப்பார்கள். ஒன்றின் மேடு மற்றதன் பள்ளத்தில் பொருந்திவிட்டால் ஏமாறுவீர்கள். மூன்றாவது ஒன்றை எடுத்து, மூன்றையும் மாற்றி மாற்றிப் பொருத்தினால்தான் எது வளைந்தது என்று தெரியும்.

குளிர் நமக்குப் புதிது, குமிழுக்கும் அதன் கணக்கு உண்டு. வான் வண்டிக்குள் -15 பாகை செல்சியஸில் கிடந்த லெவலில் திரவம் சுருங்கிக் குமிழ் நீண்டு இரண்டு கோட்டையும் தாண்டி நிற்கும். கோடைவெயிலில் சுருங்கிச் சின்னதாகும். பழுதென்று பயப்பட வேண்டாம், இரண்டு பக்கமும் சமமாகத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்தால் சரி. கண்ணைக் குமிழுக்கு நேரே வைக்க வேண்டும். பக்கவாட்டில் நின்று பார்ப்பது மட்டத்தையே மாற்றிச் சொல்லும். வெளியிலிருந்து சூடான வீட்டுக்குள் கொண்டுவந்தால் அரை மணி நேரமாவது விடுங்கள். குழாய்க்கு மேலே பனித்திவலை படியும், அலுமினியமும் ஒரு பக்கம் முதலில் சூடேறி வளையும்.

லேசர் வந்துவிட்டதே என்பார்கள். கிச்சன், சீலிங் வேலையில் நேரத்தை மிச்சம் பிடிக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் சாதாரணக் குறுக்குக்கோட்டு லேசர் 10 மீட்டருக்கு 3 மி.மீ. பிசகலாம், வெயிலில் கோடு தெரியாது, விழுந்தால் அதையும் சோதிக்க வேண்டும்.

விலையைப் பொறுத்தவரை தொழில் வரிசை 48 அங்குலம் நூறு டொலரைத் தாண்டும். அதற்கு மேல் 13 சதவீத எச்எஸ்டி விற்பனை வரி. ரசீதை எறியாதீர்கள். சம்பளத்துக்கு வேலை செய்கிற தொழிலாளி புதிதாக வாங்கிய கருவிகளுக்கு, 2023 வரி ஆண்டு முதல், வருமான வரிக் கணக்கில் ஆண்டுக்கு 1,000 டொலர் வரை கழிக்கலாம். ஆனால் ஒரு வாசலுண்டு: கனடா வேலைத்தொகை என்ற எல்லையைத் தாண்டிய செலவுக்குத்தான் கழிவு, 2024இல் அது 1,433 டொலர். லெவல் மட்டும் அவ்வளவு வராது, வருடம் முழுக்க வாங்கிய கருவிகளைக் கூட்டிப் பாருங்கள். முதலாளி உங்கள் வேலை நிபந்தனைகளை உறுதிசெய்யும் டி2200 படிவத்தில் கையெழுத்து வைக்க வேண்டும், அதை ஜனவரியிலேயே கேட்டு வாங்குங்கள்.

வாங்கிய பிறகு வேலை சொற்பம். சாந்தும், டைல்ஸ் ஒட்டும் தின்செட்டும் காயும் முன் ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்ததைக் கத்தியால் சுரண்டினால் விளிம்பு போய்விடும். லெவலைச் சுத்தியலாக்கிக் கல்லைத் தட்ட வேண்டாம். சுவரில் சாத்தி வைப்பதைவிடப் படுக்கவைப்பதோ கொளுவித் தொங்கவிடுவதோ நல்லது; சாத்தியது எப்போதும் காங்கிரீட் பக்கமாகத்தான் விழும். விழுந்தால் அதே இடத்தில் திருப்பிப் போட்டுச் சோதியுங்கள், மாதத்துக்கு ஒரு முறையும் பாருங்கள். பிசினில் இறுக்கிய குமிழைத் திருத்த முடியாது. பிசகிய லெவலை டிரைவால் வெட்ட நேர்ப்பலகையாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் இரண்டு குமிழின் மேலும் சிவப்பு டேப் ஒட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அவசரத்தில் இன்னொருவர் அதைத் தூக்கிக்கொண்டு போய்க் கதவு மாட்டுவார்.