ப்ராப்பர்டீஸ் கோப்பை கிளாஸ்பாத்திலிருந்தே படியுங்கள்

புதிதாக ஒரு ஜாவா வெப் அப்ளிகேஷன் கைக்கு வந்தால், அமைப்பு விவரங்களை எழுதிவைக்கும் ப்ராப்பர்டீஸ் கோப்பை எங்கிருந்து படிக்கிறார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். ஃபைல்இன்புட்ஸ்ட்ரீமில் வெறும் கோப்புப் பெயர் இருந்தால் உடனே மாற்றச் சொல்லிவிடுவேன். டாம்கேட் சர்வரை எந்த ஃபோல்டரிலிருந்து கிளப்பினோமோ, அங்கேதான் ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் மென்பொருள்) அதைத் தேடும். நாம் நிரல் எழுதும் எக்லிப்ஸில் ஓடுவது சர்வரில் ஓடாமல் போவது இதனால்தான்.

கோப்பை வெப்-இன்ஃப் உள்ளே கிளாசஸ் ஃபோல்டரில் வைத்தால் அது கிளாஸ்பாத்தில், அதாவது ஜாவா கிளாஸ்களைத் தேடும் இடத்தில், சேர்ந்துவிடும்; கெட்ரிசோர்ஸ்ஆஸ்ஸ்ட்ரீம் மெதட் எடுத்துக் கொடுத்துவிடும். கிளாஸ்பாத்தின் உச்சியிலிருந்து தேட, கிளாஸ் வழியாகக் கூப்பிட்டால் பெயருக்கு முன்னால் சாய்கோடு (/) வேண்டும். கிளாஸ்லோடர் வழியாக என்றால் கூடாது. கோப்பு கிடைக்காவிட்டால் அந்த இடத்தில் எக்செப்ஷன் வராது. நல் (null, ஒன்றுமில்லை) என்று திரும்பி வந்து, கோப்பைப் படிக்கும் ப்ராப்பர்டீஸின் லோடு மெதடில் போய் நல்பாயிண்டர் எக்செப்ஷனாக வெடிக்கும். எந்தக் கோப்பு என்று அதில் இருக்காது. ஆகவே நீங்களே சோதித்து, கோப்பின் பெயரோடு பிழைச்செய்தி எழுதுங்கள். நள்ளிரவில் லாக் பார்க்கிறவருக்கு அது எவ்வளவு பெரிய உதவி!

அப்புறம், தமிழ். லோடு மெதடுக்கு இன்புட்ஸ்ட்ரீம் கொடுத்தால் தமிழ் எழுத்தே இல்லாத ஐஎஸ்ஓ-8859-1 குறியீட்டு முறை என்றே படிக்கும். நம் எழுத்தெல்லாம் உடைந்துவிடும். ஜாவா 6 முதல் ரீடரும் கொடுக்கலாம், யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுக் கொடுங்கள்.

டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் வார் (WAR) கோப்புக்குள், அதாவது அப்ளிகேஷனைக் கட்டி சர்வருக்கு அனுப்பும் தொகுப்புக்குள், வைக்காதீர்கள். அது சர்வரின் சூழல் மாறியில் (என்விரான்மென்ட் வேரியபிள்) இருக்கட்டும்.