பனிக்கு முன்னால்: ஹொக்கைடோ நாட்குறிப்பு

அக்டோபர் 4

அசாஹிதாகே உச்சி வெளுத்துவிட்டது. காலையில் ஆசிரியர் அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் ஜன்னலோரம் நின்று அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 2,291 மீட்டர், ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவிலேயே உயரமான மலை. கீழே எங்கள் ஊரில் நெல் அறுப்பு முடிந்து வயலெல்லாம் வெறும் தாள்.

சிங்கப்பூரில் பிறந்து வளர்ந்த எனக்குக் குளிர் என்றால் ஏர்கான்தான். வெளிநாட்டவரை ஜப்பானியப் பள்ளிகளுக்கு அழைத்துவரும் ஜெட் திட்டத்தில் துணை ஆங்கில ஆசிரியையாக ஜூலைக் கடைசியில் வந்து இறங்கியபோது இங்கேயும் நல்ல புழுக்கம். சுற்றிலும் மலை, நடுவில் படுகை, அதனால் கோடையில் கொதிக்கும், குளிர்காலத்தில் உறையும் என்கிறார்கள். பக்கத்து அசாஹிகாவாவில் 1902 ஜனவரி 25ஆம் தேதி மைனஸ் 41 டிகிரி. ஜப்பான் வானிலைப் பதிவேட்டில் அதற்குக் கீழே இன்னும் போகவில்லை. அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

அக்டோபர் 17

இன்று மண்ணெண்ணெய் வந்தது. ஆசிரியர் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் வெளியே கால் வைத்த பெரிய இரும்புத் தொட்டி, 490 லிட்டர் பிடிக்கும். சின்ன டேங்கர் லாரியில் வந்தவர் குழாயை இழுத்து நிரப்பிவிட்டு, ரசீதைக் கதவில் செருகிவிட்டுப் போய்விட்டார். தொட்டியிலிருந்து வீட்டுக்குள் இருக்கும் கணப்பு அடுப்புக்குத் தனிக் குழாய் ஓடுகிறது, புகை சுவர் வழியாக வெளியே போய்விடும். ஊரே இதைத்தான் நம்பி இருக்கிறது.

பக்கத்து வீட்டு இசை ஆசிரியை சாயங்காலம் வந்து தண்ணீர் வடிக்கச் சொல்லிக்கொடுத்தார். வெளியே மைனஸ் 4க்குக் கீழே போகும் என்று தெரிந்தால், படுக்கும் முன் சுவரிலிருக்கும் கைப்பிடியைத் திருப்பி, எல்லாக் குழாய்களையும் திறந்துவிட்டு, உள்ளே நிற்கும் தண்ணீர் முழுவதும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். இல்லையென்றால் குழாய் உறைந்து வெடித்துவிடும். என்னையே இரண்டு தடவை செய்து காட்டச் சொல்லிவிட்டுத்தான் போனார்.

அக்டோபர் 26

கொஞ்ச நாளாகவே வகுப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று இருந்தேன். வாரத்தில் இரண்டு நாள் தொடக்கப்பள்ளி, மூன்று நாள் நடுநிலைப்பள்ளி. 2020லிருந்து ஐந்தாம், ஆறாம் வகுப்புகளில் ஆங்கிலம் முறையான பாடம், அந்தப் பிள்ளைகள் தப்போ சரியோ கத்திப் பேசுகிறார்கள். அதே பிள்ளைகள் நடுநிலைப்பள்ளி இரண்டாம் ஆண்டுக்கு வருவதற்குள் வாயை மூடிக்கொள்கிறார்கள். கேள்வி கேட்டால் முதலில் பக்கத்து மேசையைப் பார்ப்பார்கள், குசுகுசுவென்று ஒரு ஆலோசனை, அப்புறம்தான் ஒற்றைச் சொல் பதில். படிக்காத பிள்ளைகள் இல்லை, இலக்கணத்தில் புலிகள். முப்பது பேர் முன்னால் தப்பாகிவிடுமோ என்கிற கூச்சம். அதைவிட முக்கியமானது, என்னிடம் ஆங்கிலத்தில் சொல்லியே ஆக வேண்டியது என்று அவர்களுக்கு ஒன்றும் இல்லை. ‘உனக்குப் பிடித்த பழம் எது’ என்று நான் கேட்பது தெரிந்துகொள்வதற்காக இல்லை என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரியும். மூன்றாம் ஆண்டுக்காரர்களுக்கு மார்ச்சில் உயர்நிலைப்பள்ளி நுழைவுத்தேர்வு வேறு.

இன்று மதியம் யுகிமுஷி வந்தது. பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி வெள்ளையாக மிதக்கும் குட்டிப் பூச்சி, அசுவினி வகை. இது பறந்தால் சீக்கிரமே பனி விழும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. பள்ளி விட்டு நடக்கும்போது தலைமுடி, கோட், கண்ணாடி எல்லாவற்றிலும் ஒட்டிக்கொண்டது. கூடவே இரண்டாம் ஆண்டுப் பையன்கள் இரண்டு பேர் வந்தார்கள். சாலையோரக் கம்பங்களின் உச்சியில் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட அம்புக்குறி ஒன்று தரையைப் பார்த்துத் தொங்கும், வந்த நாளிலிருந்து பார்க்கிறேன், எதற்கென்று புரியவில்லை. அதைக் காட்டி ஆங்கிலத்தில் கேட்டேன். ஒருவன் கையை இடுப்பு உயரத்துக்குக் கொண்டுபோனான். “ஸ்னோ. ரோட், நோ.” பிறகு அம்பைக் காட்டி, அதன் முனையிலிருந்து நேராகக் கீழே விரலால் கோடு இழுத்தான். “ஹியர், ரோட் ஃபினிஷ்.” பனி மூடிவிட்டால் சாலையின் விளிம்பு எங்கே என்று வண்டிக்காரர்களுக்குக் காட்டுவதற்காம். மற்றவன் விடாமல் சிக்னல் விளக்கையும் காட்டினான். ஜப்பானின் மற்ற பல இடங்களைப் போல இங்கே அது படுக்கைவாட்டில் இல்லை, நெட்டுக்குத்தாக இருக்கும், மேலே பனி சேர்ந்து பாரம் ஏறாமல் இருக்க.

வகுப்பில் வாயே திறக்காத பையன்கள். சாயங்காலம் முழுக்க இதையேதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 2

கூடப் பாடம் எடுக்கும் ஜப்பானிய ஆசிரியையிடம் பேசி ஒரு வகுப்பை மாற்றிக் கேட்டேன். பாடப்புத்தகத்தில் ‘கட்டாயம் செய்ய வேண்டும், செய்யக் கூடாது’ பாடம்தான், ஆனால் பொருள் நான். நான் இங்கே முதல் குளிர்காலத்தைப் பார்க்கப் போகிறேன், என்ன வாங்க வேண்டும், எதைச் செய்யவே கூடாது, சொல்லுங்கள். நாலு பேர் ஒரு குழு. முதல் ஐந்து நிமிஷம் வழக்கமான மௌனம், நானும் அவசரப்படுத்தவில்லை. அப்புறம் ஒரு பெண் எழுந்து என் ஷூவைக் கழற்றச் சொல்லி அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்து, “நோ குட்” என்றாள். வகுப்பே கலகலத்துவிட்டது. காரின் வைப்பரை நிமிர்த்தி வை, இல்லையென்றால் கண்ணாடியோடு உறைந்துவிடும். கூரைக்குக் கீழே நிற்காதே, பனி சரிந்து விழும். பென்குயின் மாதிரி சின்னச் சின்ன அடியாக எடுத்துவை. எதுவும் புத்தகத்தில் இல்லை. எல்லாமே எனக்கு உண்மையாகவே தேவைப்பட்டது, அது அவர்களுக்கும் தெரிந்திருந்தது.

நவம்பர் 12

தீபாவளி. ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது நல்லதாகப் போயிற்று. இராத்திரியே பனி விழுந்திருக்கிறது. சிங்கப்பூர் தேக்கா சந்தையில் வாங்கிவந்த கடலைமாவில் பஜ்ஜி போட்டேன், ஹொக்கைடோ உருளைக்கிழங்கு, வெங்காயம், பரங்கிக்காய். அம்மா வீடியோவில் பனியைக் காட்டு காட்டு என்று கேட்டு, காட்டியதும் “தலையை மூடிக்க மா” என்றார். இசை ஆசிரியைக்கு ஒரு தட்டு கொடுத்தேன், பரங்கிக்காய் பஜ்ஜி அவருக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

நவம்பர் 24

நான்கு மணிக்கே சூரியன் போய்விடுகிறது. சிங்கப்பூரில் வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில் இருட்டிப் பழகிய உடம்புக்குக் குளிரைவிட இதுதான் சிரமம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பிள்ளைகளோடு பத்து நிமிஷமாவது வெளியே போய் நிற்கிறேன்.

டிசம்பர் 5

பனி இனி உருகாது போலிருக்கிறது, கிடந்தது கிடந்தபடி இறுகிவிட்டது. காலையில் வாசலில் தள்ளினேன், மாலையில் திரும்பத் தள்ள வேண்டும்.

ஜனவரியில் பள்ளி திறந்ததும் உடற்பயிற்சிப் பாடம் ஸ்கீயிங். என்னையும் வரச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாம் ஆண்டு வகுப்பு தானாகவே ஒரு ஏற்பாடு செய்துகொண்டது: மலைச்சரிவில் எனக்குச் சொல்லித்தரப் போவது அவர்கள், ஆங்கிலத்தில் மட்டும். இன்று முழங்காலை மடக்கு, முன்னால் சாய், நிறுத்து என்பதையெல்லாம் கரும்பலகையில் எழுதித் தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். விழுந்தால் எப்படி எழுந்திருப்பது என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று அந்த அம்புக்குறிப் பையன் மணி அடித்த பிறகும் என்னை விடவில்லை. உடற்பயிற்சி ஆசிரியர் வந்து என் காலணி அளவைக் குறித்துக்கொண்டு போனார், 24.5 சென்டிமீட்டர்.