கேட்ட விலையும் போன விலையும்: போக்கர் சிப் மறுவிற்பனையில் என் அனுபவம்

பழைய சேகரிப்புப் பொருட்களை உரிமையாளர்களிடமிருந்து பெற்று, கமிஷன் அடிப்படையில் விற்றுத் தரும் அமெரிக்க நிறுவனம் ஒன்றில் 2014 முதல் வேலை செய்து வருகிறேன். நாணயங்களுக்கும் அஞ்சல் தலைகளுக்கும் தேர்ந்த ஆட்கள் ஏற்கெனவே இருந்தார்கள். ஆகவே, யாரும் விரும்பி ஏற்காத கேசினோ சிப்புகளும் (சூதாட்ட விடுதிகளில் பணத்துக்குப் பதிலாக வைத்து ஆடும் வில்லைகள்), வீட்டில் போக்கர் சீட்டாட்டத்துக்கு வைத்துக்கொள்ளும் சிப்புகளும் என் மேசைக்கு வந்து சேர்ந்தன. வருகிற பெட்டியைத் திறந்து பிரித்து, எண்ணி, ஒவ்வொரு தொகுப்பும் என்ன விலைக்குப் போகும் என்று எழுதித் தருவதுதான் என் வேலை. அந்த மதிப்பீட்டை நம்பித்தான் உரிமையாளர் விற்பதா வேண்டாமா என்று முடிவு செய்கிறார் என்பதால், அதில் நேரும் பிழை என்னுடைய பிழையாக மட்டும் நின்றுவிடுவதில்லை.

இரண்டாம் ஆண்டில் ஓர் அம்மையார், காலமான தம் கணவரின் சேகரிப்பைக் கொண்டுவந்தார். ஒன்று, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் மூடப்பட்ட கேசினோக்களின் சிப்புகளை ஒன்றிரண்டாகப் பிளாஸ்டிக் உறைகளில் செருகி வைத்திருந்த ஆல்பம். மற்றொன்று, எந்தக் கேசினோவின் பெயரும் இல்லாத, தொப்பியும் கைத்தடியும் வரிசையாகப் பதிந்த அச்சில் செய்யப்பட்ட பால்சன் என்ற நிறுவனத்தின் 600 சிப்புகள் அடங்கிய மரப்பெட்டி. என் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்துவிட்டு அவர் கேட்டது ஒரே கேள்விதான்: “இதே சிப் கடைசியாக எந்தத் தேதியில், என்ன விலைக்குப் போனது?” என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இணைய ஏலத் தளங்களில் விற்பனைக்கு வைத்திருந்தவர்கள் கேட்டிருந்த விலைகளைத்தான் நான் சராசரி பார்த்து எழுதியிருந்தேன். அவை வாரக்கணக்கில் யாரும் வாங்காமல் கிடந்த விலைகள் என்பதை அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

விளைவு நேர்மாறாக அமைந்தது. நான் உயர்வாக மதிப்பிட்ட ஆல்பம் பல மாதங்கள் கிடந்து, கடைசியில் மதிப்பீட்டில் பாதியைக்கூட எட்டாமல் போனது. பெயரில்லாத சிப்புகள்தானே என்று குறைவாக எழுதிய மரப்பெட்டியோ, பட்டியலிட்ட அன்று மாலைக்குள்ளேயே விற்றுவிட்டது. இந்தத் தொழிலில் ஒரு பொருள் சில மணி நேரத்தில் போய்விட்டால் அதில் மகிழ எதுவுமில்லை; விலையைக் குறைத்துப் போட்டிருக்கிறோம் என்றுதான் பொருள். அம்மையாரிடம் நடந்ததைச் சொல்லி, பெட்டிக்கு உரிய கமிஷனை விட்டுக்கொடுக்கும்படி மேலாளரிடம் கேட்டேன். அவர் ஒப்புக்கொண்டார். ஆனாலும் இழப்பு முழுவதும் ஈடாகவில்லை.

ஏன் அப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள எனக்கு நெடுநாள் ஆயிற்று. போக்கர் சிப் சந்தை என்று ஒரே பெயரில் சொல்லிவிட்டாலும், அங்கே வாங்க வருகிறவர்கள் இரு சாரார். இருவருடைய கணக்கும் ஒன்றுக்கொன்று எதிரானது. சேகரிப்பாளருக்கு ஒரு கேசினோவின் ஒரு வெளியீட்டில் ஒரே ஒரு சிப் போதும். வீட்டில் நண்பர்களோடு விளையாடுகிறவருக்கோ ஒரே வகையில் நூற்றுக்கணக்கான சிப்புகள் வேண்டும். சுற்றுலா வந்தவர்கள் நினைவுக்காகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போனவை பெரும்பாலும் 1 டாலர், 5 டாலர் சிப்புகளே. 100 டாலர் சிப்பை நினைவுப் பொருளாக வைத்துக்கொள்ள யாருக்கும் மனம் வருவதில்லை. காசாளரிடம் கொடுத்துப் பணமாக்கிவிடுவார்கள். அதனால் மூடிய கேசினோவின் 100 டாலர் சிப் சேகரிப்பாளருக்கு அரிய பொருள். அதே கேசினோவின் 1 டாலர் சிப்புக்கு எந்த நாளிலும் பஞ்சமில்லை. விளையாடுகிறவரின் பக்கம் இது தலைகீழாகிறது. மேசையில் ஓயாமல் கைமாறுவது சிறிய மதிப்புச் சிப்புகள் என்பதால், அவற்றை ஒரே சீராக ரேக் ரேக்காகத் தேடுகிறார்கள். ஒரு ரேக் என்பது 100 சிப்புகள். தனித்தனியாகக் கேட்பாரற்றுக் கிடக்கும் சிப், ஒரே நிலையில் ஐந்து ரேக் சேர்ந்துவிட்டால் வேறு சரக்காகிவிடுகிறது.

இன்னொரு காரணம் தயாரிப்பில் இருக்கிறது. பால்சன் போன்ற சிப்புகளைக் களிமண் சிப் என்று சொல்வது வழக்கமே தவிர, உண்மையில் இவை பல பொருட்களைக் கலந்து சூட்டிலும் அழுத்தத்திலும் அச்சில் வார்க்கப்படுபவை. விட்டம் ஏறத்தாழ 39 மில்லிமீட்டர். எடை 9, 10 கிராம் அளவில் இருக்கும். விளிம்பிலுள்ள வண்ணக் கட்டங்கள் மேலே பூசியவை அல்ல. வேறு நிறக் கலவையை வெட்டிப் பொருத்தி ஒன்றாக வார்த்தவை. கடைகளில் மலிவாகக் கிடைக்கும் 11.5 கிராம் பிளாஸ்டிக் சிப்புகளின் நடுவே உலோக வில்லை இருக்கும். அதனால்தான் அவை மோதும்போது கணீரென்று ஒலிக்கின்றன. வார்த்த சிப்பின் ஓசை மங்கலானது. அடுக்கினால் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் நிற்கும். பால் எண்டி 1963 இல் தொடங்கிய பால்சன் நிறுவனம் இவ்வகைச் சிப்புகளுக்குப் பேர்பெற்றது. 2002 இல் அது பட் ஜோன்ஸ், பிரான்சின் பூர்கோன் எ கிராசே ஆகியவற்றோடு இணைந்து கேமிங் பார்ட்னர்ஸ் இன்டர்நேஷனல் ஆனது. 2019 இல் ஜப்பானின் ஏஞ்சல் நிறுவனம் அதை வாங்கியது. இந்த மாற்றங்களுக்கிடையே ஒரு கட்டத்தில் பால்சன் சிப்புகளை வீட்டு விளையாட்டுக்காரர்களுக்கு விற்பது நின்றுபோயிற்று. கேசினோக்களுக்கு மட்டுமே புதுச் சரக்கு என்றானபின், வெளியே இருப்பது இருப்பதுதான். முன்பு ஒரு டாலரை ஒட்டி விற்ற சிப்பை இன்று பல டாலர் கொடுத்து வாங்க ஆள் நிற்பதற்கு அதுவே அடிப்படை. அம்மையாரின் மரப்பெட்டியில் இருந்தவை அத்தகைய சிப்புகள்.

விலைகள் சென்ற பாதையைத் திரும்பிப் பார்த்தால், அவை போக்கரின் வரலாற்றோடு ஒட்டியே நகர்ந்திருக்கின்றன. ஆனால் முழுவதும் அல்ல. 2003 இல் கிறிஸ் மணிமேக்கர் என்ற கணக்காளர் உலகப் போக்கர் தொடரில் 25 லட்சம் டாலர் வென்றதும், ஆட்டக்காரரின் மறைவுச் சீட்டைக் காட்டும் தொலைக்காட்சி ஒளிபரப்பும் சேர்ந்து, வீட்டுக்கு வீடு சிப் பெட்டி வாங்க வைத்தன. 2006 அக்டோபரில் இணையச் சூதாட்டப் பணப் பரிமாற்றத்தைத் தடுக்கும் சட்டம் வந்தது. 2011 ஏப்ரல் 15 அன்று பெரிய இணையப் போக்கர் தளங்கள் அமெரிக்க அரசால் முடக்கப்பட்டன. அலை இறங்கியதும், முன்பு வாங்கியவர்கள் பலர் விற்க வந்தார்கள். நான் இத்தொழிலுக்குள் வந்தபோது பழைய பெட்டிகள் இன்னும் வந்துகொண்டிருந்தன. மலிவான பிளாஸ்டிக் சிப்புகள் அந்த அலையோடு எழுந்து அதோடே விழுந்து, பிறகு எழவேயில்லை. நல்ல வார்ப்புச் சிப்புகளோ விழுந்த இடத்திலிருந்து மெல்ல ஏறின. 2020 இல் கேசினோக்கள் மூடிக் கிடந்த வாரங்களில் சிப்புகளை யார் வாங்கப்போகிறார்கள் என்று அஞ்சினேன். எங்கள் மேசையைப் பொறுத்தவரை நடந்தது வேறு: வெளியே ஆட முடியாதவர்கள் வீட்டு மேசைக்குச் செலவழித்தார்கள். அதன்பின் சற்றுத் தணிந்தாலும், முழுத் தொகுப்புகளின் விலை பழைய இடத்துக்குத் திரும்பியதை நான் பார்க்கவில்லை.

கேசினோ ஒன்று மூடும்போது விலை நடந்துகொள்ளும் விதம் தனி. இயங்கும் கேசினோவில் புழக்கத்தில் உள்ள 5 டாலர் சிப் பொதுவாக 5 டாலருக்குக் கீழே போகாது, ஏனென்றால் காசாளர் அதைப் பெற்றுக்கொள்வார். நெவாடா சூதாட்ட விதிகளின் 12 ஆம் ஒழுங்குமுறை, சிப் என்பது உரிமம் பெற்ற நிறுவனம் அதை வைத்திருப்பவருக்குத் தரவேண்டிய கடனுக்குச் சான்று என்றும், சிப் அந்த நிறுவனத்துக்கே சொந்தம் என்றும் சொல்கிறது. நாங்கள் நாள்தோறும் விற்பது சட்டத்தின் பார்வையில் தீர்ந்துபோன கடன்சீட்டுகளை என்று முதன்முதலாகப் படித்தபோது வியப்பாக இருந்தது. மூடும் நிறுவனம் அறிவிப்புக் கொடுத்து, குறைந்தது 120 நாள் சிப்புகளைப் பணமாக மாற்றித் தரவேண்டும். திரும்பி வந்தவற்றை அழித்துவிட வேண்டும். அந்தத் தவணை முடியும் நாளில் விலைக்கு இருந்த அடித்தளம் மறைந்துவிடுகிறது.

லாஸ் வேகாஸின் கேசினோக்களில் 2015 மே மாதத்தில் ரிவியேரா மூடியபோதும், 2024 இல் ஏப்ரல் 2 அன்று டிராப்பிகானாவும் ஜூலை 17 அன்று மிராஜும் மூடியபோதும் இதே ஓட்டத்தைக் கண்டேன். அறிவிப்பு வந்ததும் கூட்டம் வாங்குகிறது. கடைசி வாரம் விலை உச்சத்தில் நிற்கிறது. அப்போது வாங்கி வைத்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் விற்க முனைவதால் சில மாதங்களில் சரிகிறது. நினைவுக்காக எடுத்து வைத்த 1 டாலர், 5 டாலர் சிப்புகள் அந்தச் சரிந்த விலையிலேயே தங்கிவிடுகின்றன. தவணைக்குள் பணமாகாமல் தப்பிய உயர்மதிப்புச் சிப் மட்டும் பின்னர் தன் வழியில் ஏறத் தொடங்குகிறது. மூடுகிற வாரத்தில் விற்கத் தருகிறீர்களா, வைத்திருக்கிறீர்களா என்று உரிமையாளர்களிடம் நான் கேட்பது இதை வைத்துத்தான். உணர்ச்சிவசப்பட்டு அந்த வாரத்தில் வாங்குகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது. அவர்களில் பலர் இதை முதலீடு என்று நம்புகிறார்கள்.

அரிது என்ற சொல்லையும் நான் இப்போது எளிதில் எழுதுவதில்லை. உலகில் பத்தே இருக்கின்றன என்று நம்பப்பட்ட சிப், யாரோ முன்னாள் ஊழியரின் அலமாரியிலிருந்து பெட்டியாக வெளிவந்தால், முன்பு வாங்கியவர்களின் பணம் ஒரே நாளில் கரைகிறது. எதிர்த்திசையிலும் நடக்கிறது. இரண்டு எழுத்துகள் மட்டும் பொறித்த, எங்கிருந்து வந்தது என்று தெரியாத பழைய சிப், தயாரித்த நிறுவனத்தின் ஆர்டர் அட்டை கிடைத்து, சட்டவிரோதமாக இயங்கிய பழைய கிளப் ஒன்றின் பெயரோடு இணைந்துவிட்டால், குப்பைத் தொட்டியின் விளிம்பிலிருந்து ஏலத்தின் முதற்பக்கத்துக்கு வந்துவிடும். 1988 இல் தொடங்கிய கேசினோ சிப் சேகரிப்பாளர் சங்கத்தினர் இத்தகைய பதிவுகளைப் பொறுமையாகத் தேடித் தொகுத்திருக்கிறார்கள்; அந்த உழைப்பு இல்லாவிட்டால் என் வேலை பாதி ஊகமாகவே இருந்திருக்கும்.

பொருளின் நிலையைப் பார்ப்பதற்குக் கண்ணைவிட விரலையே நம்புகிறேன். புதிய வார்ப்புச் சிப்பின் விளிம்பு கூர்மையாக இருக்கும். கட்டைவிரலால் தடவினால் தோலில் பிடிக்கும். பல ஆண்டு ஆடிய சிப்பின் விளிம்பு உருண்டு மழுங்கியிருக்கும். இருபது சிப்புகளை அடுக்கி விளக்குக்கு எதிரே பிடித்தால், புதியவற்றுக்கிடையே ஒளி கீற்றாகக்கூட வராது. தேய்ந்தவற்றில் ஒவ்வொரு இணைப்பிலும் சிறு பள்ளம் தெரியும். ஒருமுறை வந்த தொகுப்பு படத்தில் பளபளவென்று இருந்தது. நானும் நல்ல நிலை என்று எழுதிவிட்டேன். வாங்கியவர் திருப்பி அனுப்பியபோதுதான் எடுத்துத் தேய்த்துப் பார்த்தேன், விரலில் பிசுபிசுப்பு. மங்கிய நிறத்தை எழுப்ப மினரல் ஆயில் தடவியிருந்தார்கள். எண்ணெய் தடவுவது குற்றமல்ல, சுத்தம் செய்தபின் பலரும் செய்வதுதான். சொல்லாமல் விற்பதுதான் தவறு. அன்றிலிருந்து ஒவ்வொரு ரேக்கிலும் ஐந்து சிப்புகளை வெள்ளைத் துணியில் தேய்த்துப் பார்த்த பிறகே நிலையை எழுதுகிறேன்.

அம்மையாரின் கேள்விக்குப் பிறகு ஒரு குறிப்பேடு வைத்தேன். விற்ற தேதி, எண்ணிக்கை, நிலை, அஞ்சல் செலவு நீங்கலாகப் போன விலை ஆகியவை மட்டும் அதில் ஏறும்; கேட்ட விலைக்கு அதில் இடமில்லை. ஆயிரம் சிப்புகள் பத்து கிலோவை நெருங்கும் என்பதால், அஞ்சல் செலவைச் சேர்த்துப் பார்ப்பவர் ஏமாந்துபோவார்.

பெட்டி விற்று ஓராண்டுக்குப் பிறகு அந்த அம்மையார் தொலைபேசியில் அழைத்தார். கராஜில் கருவிப் பெட்டிக்குப் பின்னால் இன்னும் இரண்டு ரேக் கிடைத்ததாகவும், எல்லாமே 1 டாலர் சிப்புகள் என்றும் சொன்னார். மரப்பெட்டியில் 5, 25, 100 டாலர் சிப்புகள் இருந்தனவே தவிர, 1 டாலர் ஒன்றுகூட இல்லாதது அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. பொது ஏலத்தில் போடவேண்டாம் என்று சொல்லிவிட்டு, பெட்டியை வாங்கியவருக்கு எழுதினேன். ஓராண்டாக அதே அச்சில், அதே நிலையில் 1 டாலர் சிப்புகளைத் தேடிக்கொண்டிருப்பதாக அரை மணி நேரத்தில் பதில் வந்தது. இம்முறை குறிப்பேட்டிலிருந்து கடைசி மூன்று விற்பனைகளின் தேதியையும் விலையையும் எடுத்து இருவருக்கும் ஒரே தாளாக அனுப்பினேன். சிப் ஒன்றுக்கு, மரப்பெட்டியில் இருந்தவை போனதைப்போல இரு மடங்குக்குச் சற்று அதிகமான விலையில் பேச்சு முடிந்தது. அம்மையார் தாளைப் படித்துவிட்டு, மூன்றாவது விற்பனையில் எண்ணிக்கை ஏன் 98 என்று இருக்கிறது என்று கேட்டார். இரண்டு சிப்புகளில் விளிம்பு உடைந்திருந்ததால் அவற்றை நீக்கி விற்றதாகச் சொன்னேன். தம்முடையவற்றையும் அப்படியே ஒவ்வொன்றாகப் பார்த்துவிடச் சொல்லி, இரண்டு ரேக்கையும் மறுநாள் அனுப்பி வைத்தார்.