ஒரு கட்டை கூட

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று முதல் ஒத்திகை. மார்ச் 7 மதியம் லண்டனில் ஒரு சர்ச்சில் ஐம்பது நிமிடக் கச்சேரி: டபுள் பேஸ் (வயலின் குடும்பத்தில் எல்லாவற்றிலும் பெரியது, நிறுத்தி வைத்து வாசிப்பது), கூட என் பியானோ. மூன்று வாரமாக கூஸெவிட்ஸ்கி பேஸுக்கு எழுதிய கான்செர்ட்டோ என்ற பெரிய பாட்டை இ மைனர் சுருதியில் உருட்டி உருட்டி, தாளைப் பார்க்காமலே கை போகும் நிலைக்கு வந்திருந்தேன்.

பேஸ் வாசிக்கும் தம்பியும் அவன் அப்பாவும் வந்தார்கள். யாழ்ப்பாணத்துக் குடும்பம்; பையன் பிறந்து வளர்ந்தது இங்கேதான், பேசுவது அப்பாவின் தமிழ். வாத்தியத்தைக் கதவு நிலையில் இடிக்காமல் சாய்த்து உள்ளே கொண்டுவர இருவர் வேண்டியிருந்தது. பியானோவும் அதுவும் நின்ற பிறகு ஹாலில் மனிதருக்கு இடமில்லை. அப்பா சமையலறை வாசலில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து போனை நோண்டத் தொடங்கினார்.

நான் ஆரம்பித்தேன். அவன் நுழைந்தான். இரண்டே பார், அதாவது இரண்டு ஆவர்த்தனம். நான் ஒரு ஊரில், அவன் பக்கத்து ஊரில்.

"அன்ரி, நீங்க இ மைனரிலயோ வாசிக்கிறீங்கள்? என்ர சோலோ ரியூனிங் எல்லோ."

விஷயம் இதுதான். ஆர்க்கெஸ்ட்ராவில் பேஸின் நான்கு தந்திகள் கீழிருந்து இ, ஏ, டி, ஜி. தனிக் கச்சேரிக்கு மெல்லிய தந்தி மாட்டி எல்லாவற்றையும் ஒரு முழு ஸ்வரம் ஏற்றிவிடுவார்கள்: எஃப் ஷார்ப், பி, இ, ஏ. இழுப்பு கூடினால் சத்தம் பளிச்சென்று முன்னால் வரும், பியானோவுக்கு அடியில் மாட்டிக்கொள்ளாது. அவன் தாளில் இ மைனர் என்றுதான் இருக்கும், விரலும் அப்படித்தான் வைப்பான். காதில் விழுவது எஃப் ஷார்ப் மைனர். அதனால் பியானோ பகுதியை இரண்டு விதமாகவும் அச்சடிக்கிறார்கள். நான் எடுத்தது இ மைனர் அச்சு. கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

இரவு திருச்சிக்குப் போன் பண்ணி என் அப்பாவிடம் புலம்பினேன். "அஞ்சு கட்டை ஆறு கட்டை ஆச்சு, அவ்வளவுதானே? பாடறவர் ஏத்திக்கலாம்னு சொன்னா ஹார்மோனியக்காரர் கையை நகர்த்திண்டு போயிண்டே இருப்பார். இதுக்கா அழறே?" அவருக்கென்ன.

பிப்ரவரி 14, புதன்

எஃப் ஷார்ப் மைனர். தலைக்குத் தெரிகிறது, கைக்குத் தெரியவில்லை. இடது கை கொஞ்சம் அசந்தாலும் பழைய வீட்டுக்கே, இ மைனருக்கே, போய் நிற்கிறது.

பிப்ரவரி 18, ஞாயிறு

சுருதி சேர்ந்துவிட்டது, தாளம் சேரவில்லை. நான் சரியாக விழுகிறேன், அவனும் சரியாகத்தான் வில்லை வைக்கிறான், ஆனாலும் ஒவ்வொரு தொடக்கத்திலும் நான் முந்திக்கொண்டது போலவே இருக்கிறது.

"கொஞ்சம் பொறுத்து விடுங்கோ அன்ரி. கீழ்த் தந்தி உடன கதைக்காது."

கிட்டப் போய்ப் பார்த்தேன். நன்றாகவே தடித்த தந்தி. வில் தொட்டதும் முதலில் ஒரு சின்ன கரகரப்பு, அப்புறம் தந்தி முழுக்க அசைந்து, அதற்குப் பிறகுதான் ஸ்வரம். அந்தக் கரகரப்பு பிடிப்பதற்கென்றே பேஸுக்குத் தனி ரோசின், வில்லில் பூசும் பிசின். வயலினுக்குப் பூசுவது பொடியாக உதிரும். இது பலாச்சுளை பிரித்த கை மாதிரி பிசுபிசுக்கிறது. விரலில் பட்டது சோப்புக்குப் போகவில்லை, தேங்காய் எண்ணெய் தேய்த்த பிறகுதான் போனது.

ஆக, அவன் வில்லைப் பார்த்து வாசித்தால் முந்திவிடுவேன். சத்தத்தைக் கேட்டு வாசித்தால் பிந்திவிடுவேன். அவன் மூச்சிழுப்பதைப் பார்த்து வாசிக்கிறேன், சரியாக இருக்கிறது.

இடது கையில் அடி ஆக்டேவ்களை, கீழ் ஸ்தாயியில் சேர்த்து அடிக்கும் ஸ்வரங்களை, பாதி விட்டுவிட்டேன். அந்த இடம் அவனுடையது, அங்கே போய் நானும் நின்றால் இரண்டும் சேர்ந்து சேறுதான். பெடலும் குறைத்தாயிற்று. சமையலறை வாசலில் கிரிக்கெட் ஸ்கோர் ஓடிக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 25, ஞாயிறு

பேஸ் மேதை பொட்டெசினியின் எலிஜி, ஒரு சோகப் பாட்டு. தம்பியின் இடது கட்டைவிரல் தந்தி மேலேயே ஏறி உட்கார்ந்துகொள்கிறது; கழுத்தைத் தாண்டி உடம்புப் பக்கம் வந்து, பேஸைவிடச் சின்னதான செல்லோவின் உயரத்தில் பாடுகிறான். இந்தப் பெட்டிக்குள் இப்படி ஒரு குரலா என்று எனக்கு இன்னும் பழகவில்லை.

இந்த வாத்தியத்தை ஆசைப்பட்டு எடுத்தவர்கள் குறைவோ என்னவோ. பொட்டெசினி 1835-இல் மிலான் கன்சர்வேட்டரியில் சேர வந்தபோது உதவித்தொகையோடு காலியாக இருந்தவை இரண்டே இடம், ஒன்று பஸ்ஸூன், மற்றது பேஸ். பதின்மூன்று வயதுப் பையன் பேஸை எடுத்தான். பின்னாளில் வெர்டியின் 'ஐடா' ஓபரா 1871-இல் கெய்ரோவில் அரங்கேறியபோது நடத்தியவர் அவர்தான். கூஸெவிட்ஸ்கியும் மாஸ்கோவில் உதவித்தொகைக்காகவே பேஸைப் பிடித்து, கடைசியில் பாஸ்டன் சிம்ஃபனியை கால் நூற்றாண்டு நடத்தினார். நம் தம்பி? "பள்ளிக்கூடத்தில ஒருத்தரும் எடுக்கேல்ல அன்ரி. நான் உயரம்."

எனக்குப் பிடித்த கதை இவர்களுக்கெல்லாம் முந்தியது. டிராகொனெட்டி என்ற பேஸ் வித்வான் 1794-இலிருந்து லண்டன்வாசி. 1799-இல் வியன்னா போனபோது பீத்தோவனின் செல்லோ சொனாட்டா ஒன்றை, ஓபஸ் 5-இல் இரண்டாவதை, பேஸிலேயே வாசித்தாராம். பியானோவில் பீத்தோவனே. முடிந்ததும் எழுந்து வந்து ஆளையும் வாத்தியத்தையும் சேர்த்துக் கட்டிக்கொண்டாராம். பீத்தோவன் இடது கையைக் குறைத்துக்கொண்டாரா என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

மார்ச் 5, செவ்வாய்

சர்ச்சில் பார்த்துவிட்டு வந்தோம். பளபளவென்று கல் தரை. பேஸின் அடியில் நிற்கும் கம்பி குத்துவதற்கு இடமில்லாமல் வழுக்குகிறது. இரண்டாவது பக்கத்தில் வாத்தியம் அரை அடி நகர்ந்து, தம்பி அதன் பின்னாலேயே நகர்ந்தான். அப்பா ஒன்றும் பேசாமல் வெளியே போய், வேனில் கால் வைக்கும் ரப்பர் மிதியைக் கழற்றி வந்து போட்டார். அப்புறம் அசையவில்லை.

பியானோ மூடியைச் சின்னக் குச்சியில் நிறுத்தச் சொன்னேன். முழுதாகத் திறந்தால் அந்தக் கூரை என் சத்தத்தைத்தான் திருப்பிக் கொடுக்கிறது.

மார்ச் 7, வியாழன்

நாற்பது பேர் இருப்பார்கள். பாதிப்பேர் மடியில் சாண்ட்விச் டப்பா. எலிஜியின் கடைசி உச்ச ஸ்வரத்தில் ஒருவர் மெல்லுவதை நிறுத்தியதைப் பார்த்தேன்.

கான்செர்ட்டோவில், ஆரம்ப மெட்டு திரும்ப வரும் இடத்தில், என் இடது கை பழைய வீட்டுக்குப் போயிற்று. ஒரே ஒரு பார். தம்பி கண்ணைக்கூட அசைக்கவில்லை. பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

கடைசியில் கேட்டார்கள் என்று சேன்-சான்ஸ் எழுதிய 'யானை' என்ற சின்னப் பாட்டு. பெர்லியோஸும் மெண்டல்சனும் தேவதைகள் மிதப்பதற்கு எழுதிய மெட்டுகளை எடுத்து, 1886-இல் மனிதர் பேஸின் தலையில் கட்டியிருக்கிறார். மூன்று தட்டுத் தாளத்தில் நான் "உம்-சா-சா" போட, மேலே அது அசைந்து அசைந்து போகிறது. ஸ்ரீரங்கத்து வீதியில் யானை வரும்போது ஒதுங்கி நின்ற ஞாபகம். குழந்தை ஒன்று சத்தமாகச் சிரித்தது.

வேனில் ஏற்றும்போது அப்பா மிதியை உதறிக்கொண்டே சொன்னார்: "நல்லா இருந்தது தங்கச்சி. அந்தப் பெரிய பாட்டில மட்டும், ஒரு இடத்தில, கையெல்லாம் கீழ இறங்கின மாதிரிக் கிடந்தது. சரியோ?"

இத்தனை ஞாயிறும் போனையே பார்த்துக்கொண்டிருந்த மனிதர்.

"ஒரு கட்டை" என்றேன்.

"ஓம், அதுதான்" என்று பின்கதவைச் சாத்தினார்.