எதை எதோட கட்டுதான்?

ஸ்பெயினின் கலீசியக் கடற்கரையில் ஒரு மீன்பிடித் துறைமுகம். அங்கே படகுகளைக் கரையோடு பிணைப்பவர்களுக்கான பாதுகாப்புக் கையேட்டை ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலத்துக்கு மாற்றும் வேலை போன மாதம் எனக்கு வந்தது. நாற்பது பக்கம்தான், ஒரு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். மூன்றாம் பக்கத்திலேயே நின்றுவிட்டேன்.

'அமர்ரார்' என்றால் கட்டு. 'அதார்' என்றாலும் கட்டு. ஸ்பெயின்காரர் ஷூ லேஸுக்கு 'அதார்' சொல்வார். மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் அதற்கே 'அமர்ரார்' என்பார்கள். கப்பல் சொல் கரையேறி வீட்டுக்குள் வந்துவிட்டது. ஆங்கிலம் அப்படி விடுவதில்லை. கப்பலைக் கரையோடு கட்டினால் 'மூர்', கயிற்றைக் கயிற்றோடு கட்டினால் 'பெண்ட்', கயிற்றைக் கம்பத்தோடு கட்டினால் 'ஹிட்ச்'. அமர்ரார் டச்சிலிருந்து பிரெஞ்சு வழியாக ஸ்பானிஷுக்குப் போன சொல், மூரும் அந்தக் குடும்பம்தான். உறவு இருந்தும் ஒன்றின் இடத்தில் இன்னொன்று எப்போதும் உட்காருவதில்லை. 'அமர்ரே' என்ற பெயர்ச்சொல் கட்டுவதையும் குறிக்கும், படகு நிற்கிற இடத்தையும் குறிக்கும். இரண்டாவதற்கு ஆங்கிலத்தில் 'பெர்த்' வேண்டும். அதே சொல்லைத்தான் லத்தீன் அமெரிக்காவில் காதலனை மந்திரத்தால் கட்டிப்போடுவதற்கும் வைத்திருக்கிறார்கள். நம் ஊர் மாந்திரீகத்தில் 'கட்டு' போடுவதில்லையா, அதே எண்ணம்.

அப்பாவிடம் போனேன். அவர் மும்பைத் துறைமுகத்தில் லஸ்கராக, அதாவது கப்பல் வேலையாளாக, இருந்து ஓய்வு பெற்றவர். பிழைக்க வந்தது தூத்துக்குடிப் பக்கமிருந்து. இந்திரா டாக்கில் கப்பல் வரும்போது கயிறு வாங்கிப் போடுவது அவர் கூட்டத்தின் வேலை. ஆண்டாப் ஹில் வீட்டில் அவர் கட்டிலருகே உட்கார்ந்து, "அப்பா, இந்த வாக்கியத்தில கட்டுறதுன்னு வருது, ஆங்கிலத்தில எதைப் போட?" என்று கேட்டேன்.

"எதை எதோட கட்டுதான்?" என்றார்.

அகராதிகளைப் புரட்டிய இரண்டு நாளில் நான் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது. தமிழில் வளர்ந்ததாலோ என்னவோ, அதைக் கேட்க எனக்குத் தோன்றவேயில்லை. மாட்டைக் கட்டுகிறோம், பூவைக் கட்டுகிறோம், தாலி கட்டுகிறோம், வீட்டையும் கட்டுகிறோம். கப்பலைக் கட்டினார்கள் என்றால் புதிதாகச் செய்தார்களா, கரையில் நிறுத்தினார்களா என்று முன்பின் பார்த்துத்தான் சொல்ல முடியும். மரங்களைச் சேர்த்துக் கட்டினால் அதுவே படகாகிவிட்ட கடற்கரையில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பதில் எனக்கு வியப்பில்லை. அந்தக் கட்டுமரம்தான் ஆங்கிலத்தில் கேட்டமரன் ஆகி, ஸ்பானிஷில் 'கதமரான்' ஆயிற்று. கையேட்டின் ஒன்பதாம் பக்கத்தில் அதைப் பார்த்தபோது சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு வரியையும் அப்பாவுக்கு வாய்விட்டுச் சொல்லிக் காட்டினேன். 'முவெய்யே' என்ற சொல்லில் என் கணினி தடுக்கி விழுந்திருந்தது. அந்தச் சொல்லுக்குக் கப்பல் துறை என்றும் பொருள், சுருள்வில் என்றும் பொருள். முன்பு செய்த இயந்திரக் கையேட்டின் நினைவில் மென்பொருள் எல்லா இடத்திலும் 'ஸ்பிரிங்' என்று போட்டுவைத்திருந்தது. கப்பல் கட்டுகிறவர்களிடம் ஸ்பிரிங் என்றால் அது ஒரு கயிறு. "முன்பக்கத்துலேருந்து பின்னாடி சாய்ச்சுக் கட்டுவோம், கப்பல் முன்னால நகராம பிடிக்கும்" என்று அப்பா கட்டில் கம்பியில் துண்டை இழுத்துக் காட்டினார். ஸ்பானிஷில் அதற்கு 'எஸ்ப்ரின்'. துறையைச் சொல்லும் இடத்தில் ஆங்கிலத்தில் ஸ்பிரிங் என்று விட்டிருந்தால், படிக்கிறவன் இல்லாத கயிற்றைத் தேடியிருப்பான்.

பிறகுதான் 'அர்ரியார்' வந்தது. அகராதியில் முதல் பொருள், கொடியையோ பாயையோ கீழே இறக்குவது. 'எஸ்ப்ரினை அர்ரியார் செய்க' என்ற வரிக்குக் கயிற்றை இறக்கு என்று எழுதிவைத்திருந்தேன். அந்த ஸ்பானிஷ் வரியை நான் படித்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

"என்ன சொன்ன? ஆரியாவா?"

கிரேன் அடியில் நின்று 'ஹபீஸ்' என்றால் தூக்கு, 'ஆரியா' என்றால் இறக்கு. சின்ன வயதில் மொட்டை மாடியிலிருந்து கூடை இறக்கும்போதுகூட வீட்டில் ஆரியா, ஆரியா என்றுதான் கத்துவோம். இந்தி என்று நினைத்திருந்தேன். அது போர்த்துகீசிய அர்ரியார். லஸ்கர்களின் பேச்சு வழியாக நம் துறைமுகங்களில் தங்கிவிட்டது. ஸ்பானிஷிலும் அதே சொல், அதே எழுத்து. பத்து வருடமாக நான் காசு கொடுத்துப் படித்த மொழியின் ஒரு சொல்லை அப்பா நாற்பது வருடம் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார்.

"கயித்துக்குச் சொன்னா இறக்குறது இல்ல பிள்ள. கொஞ்சம் கொஞ்சமா விட்டுக் கொடுக்கது. எங்க ஆபீசர் ஸ்லாக் அவேன்னு சொல்வாரு."

ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். இந்திரா டாக்குக்கு மதகு உண்டு, உள்ளே தண்ணீர் அதிகம் ஏறி இறங்காது. வெளியே அப்படியில்லை; பௌர்ணமி, அமாவாசை ஒட்டிய நாட்களில் மும்பைக் கடல் சில நேரம் நான்கு மீட்டருக்கு மேலேயே ஏறி இறங்கும். வற்றும்போது படகு கீழே போகும், கயிறு விறைக்கும். விடாவிட்டால் அறுந்து சாட்டையாகத் திரும்பி வரும். "மணிலாக் கயிறு அறுக முன்னால முனகும். நைலான் ஒண்ணும் சொல்லாது" என்றார். பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. நானும் எதுவும் கேட்கவில்லை.

ஸ்லாக் அவே என்று திருத்தினேன். அமர்ரே வருகிற இடங்களை எல்லாம் அவர் கேள்வியை வைத்தே பிரித்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதினோரு பக்கம் பாக்கி. 'நொராய்' என்ற இரும்புக் கம்பத்தில் இரண்டு படகுகளின் கயிறுகளை எந்த வரிசையில் மாட்டுவது என்று ஒரு பத்தி வருகிறது, படித்துப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பாவை மும்பையின் பாவ்ச்சா தக்கா படகுத்துறைக்குக் கூட்டிப் போகிறேன். ரேவஸுக்குப் போய்வரும் லாஞ்சுகள் வந்து கட்டும்போது பக்கத்தில் நின்று காட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.