வயிற்றுக்கு நேரே ஒரு முடிச்சு

நாகர்கோவில் பக்கம் கைலியைச் சாரம் என்போம். மூட்டிய சாரத்துக்குள் நின்று, மிஞ்சிய துணியை வலப்பக்கம் இழுத்து, வயிற்றின் குறுக்கே மடித்து, இடப்பக்க இடுப்பில் செருகி, மேல் விளிம்பை ஒரு சுற்றுச் சுருட்டிவிடுவதுதான் அப்பா எனக்குக் கற்றுத்தந்த கட்டு. அந்தக் கட்டிலேயே ஊறிய கைகளோடு 2019 டிசம்பரில் பர்மாவின் யாங்கோனில் போய் இறங்கினேன்.

நம்மூரில் அலுவலகத்துக்கு யாரும் கைலியில் போவதில்லை. பர்மாவிலோ அரசு ஊழியரும் ஆசிரியரும் லோன்ஜி எனும் அந்நாட்டுக் கைலியில்தான் வேலைக்குப் போகிறார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கு வெள்ளைச் சட்டையும் பச்சை லோன்ஜியுமே சீருடை. 1926இல் ஆங்கிலேயர் கட்டிய, இன்று போஜோக் சந்தை எனப்படும் பழைய ஸ்காட் மார்க்கெட்டில் நான் ஒரு கட்டம் போட்ட லோன்ஜி வாங்கினேன். கடைக்காரர் துணியைப் பக்கத்துத் தையல் மெஷினில் கொடுத்து, நான் நின்றுகொண்டிருக்கும்போதே மூட்டி வாங்கித் தந்தார்.

மறுநாள் அதைக் கட்டிக்கொண்டு தேநீர் குடிக்கப் போன இடத்தில், தமிழ் பேசும் பெரியவர் ஒருவர் என்னைச் சற்றுநேரம் பார்த்துவிட்டு அருகே வந்தார். “தம்பி, பக்கத்தில செருகுறது இங்க பொம்பளைங்க கட்டு. ஆம்பளைக்கு முடிச்சு முன்னால நிக்கணும்” என்றார். சுற்றும் பார்த்தேன், அவர் சொன்னது அப்படியே உண்மை. பெண்கள் அணியும் தமேன், என் அப்பாவின் சாரத்தைப் போலவே, குறுக்கே மடிக்கப்பட்டு இடுப்பின் ஓரத்தில் செருகப்பட்டிருந்தது.

பிறகு அவரே எழுந்து நின்று தம் லோன்ஜியை அவிழ்த்துக் கட்டிக் காட்டினார். துணியின் இரு ஓரங்களையும் கைகள் நீளும் மட்டும் பக்கவாட்டில் இழுத்தால் முதுகுப்புறம் இறுகிப் படியும். அந்த இறுக்கம் தளராமல் இரு கைகளையும் வயிற்றின் நடுவுக்குக் கொண்டுவந்து, இரண்டு பிடித் துணியையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரு திருகு திருகி, ஒரு நுனியை உள்ளே செருகிவிட வேண்டும். மற்ற நுனி வெளியே மொட்டுப்போல் நிற்கும். கயிறு, பெல்ட் எதுவும் கிடையாது. முதுகுப்புறம் படியும் இறுக்கத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அங்கேதான் ஆண்கள் பணப்பையையும் கைபேசியையும் செருகிக்கொண்டு நிம்மதியாக நடக்கிறார்கள். புதுத் துணியின் கஞ்சி போகும்வரை என் முடிச்சு நழுவிக்கொண்டேதான் இருந்தது. இரண்டுமுறை அலசிய பிறகே துணி கைக்கு அடங்கியது.

தமேனின் மேல் விளிம்பில் கறுப்புப் பருத்திப் பட்டை ஒன்றைத் தைத்திருப்பார்கள். வழுக்கும் பட்டுத் துணி இடுப்பில் நிலைப்பது அந்தப் பட்டையால்தான். அமரபுரம் என்ற ஊரின் லூன்தயா பட்டில், ‘நூறு நாடா’ என்ற அந்தப் பெயருக்கேற்ப, ஊடை நூலை ஓட்டும் நாடாக்கள் சிறியவையாக நூறு அளவில் வைத்துக் கையால் மாற்றி மாற்றிக் கோத்து அலைபோன்ற கோலத்தை நெய்கிறார்கள். அவ்வளவு உழைப்பும் தெரியும்படி துணி முன்புறம் மடிப்பின்றி விரிந்திருக்க வேண்டுமானால் ஓரத்தில் செருகுவதே முறை என்பது தறியருகே நின்றபோதுதான் எனக்குப் புரிந்தது.

மண்டலேயில் பிரம்புப் பந்தைக் காலால் தட்டி விளையாடும் சின்லோன் ஆட்டக்காரர்கள், லோன்ஜியின் கீழ்விளிம்பை முன்னாலிருந்து கால்களுக்கிடையே வாங்கிப் பின்னிடுப்பில் செருகி, அதை அரைக்கால் சட்டை போலாக்கிவிடுகிறார்கள். நாம் தார்ப்பாய்ச்சுவதும் அப்படித்தானே.

கடைசி நாள் காலையில் ஐராவதி ஆற்றங்கரைக்குப் போனேன். பெண்கள் தமேனை மார்புக்கு மேல் ஏற்றிச் செருகிக்கொண்டு நீராடிக்கொண்டிருந்தார்கள். சற்றுத் தள்ளி, குளித்துக் கரையேறிய முதியவர் ஒருவர் உலர்ந்த லோன்ஜியைத் தலைவழியே மாட்டி, விளிம்பைப் பல்லால் கவ்விக்கொண்டு, உள்ளே ஈர லோன்ஜியைத் தளர்த்திக் காலடியில் நழுவவிட்டார். எங்கள் ஊர்க் குளத்துப் படித்துறையில் அப்பாவும் அப்படித்தான் சாரம் மாற்றுவார்.